ரேடியேட்டர் ஃபேனுக்குத் தனி சுவிட்ச்: வைக்கலாம், ஆனால் தெர்மோ சுவிட்சைக் கழற்றாமல்

கேள்வி இதுதான்: கையில் இருப்பது பழைய கார்புரேட்டர் மாருதி 800. சென்னை வெயிலில் சிக்னலில் நாலு நிமிடம் நின்றால் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது. வண்டி நகர ஆரம்பித்தால் இறங்கிவிடுகிறது. எலக்ட்ரீசியன், "ஃபேனை டைரக்ட் கொடுத்துடலாம் சார், டேஷ்போர்டுல ஒரு சுவிட்ச் வெச்சுக்குங்க, தேவைப்பட்டா போட்டுக்கலாம்" என்கிறார். செய்யலாமா, செய்தால் ஒயரிங் எப்படி, தம்பியின் புது காருக்கும் இதேபோல் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சுவிட்ச் வைக்கலாம், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் எலக்ட்ரீசியன் சொல்லும் விதத்தில் இல்லை. "டைரக்ட்" என்று அவர் சொல்வது, தெர்மோ சுவிட்சை (தண்ணீர் சூடேறினால் ஃபேனைத் தானே போட்டுவிடும் சுவிட்ச்) ஒதுக்கிவிட்டு ஃபேன் ஓடுவதை முழுக்க உங்கள் ஞாபகத்தின் தலையில் கட்டுவது. நீங்கள் மறக்காமல் இருக்கலாம். வண்டியை ஒரு நாள் மைத்துனர் எடுத்துப் போவார், அவருக்கு அந்த சுவிட்ச் எதற்கென்றே தெரியாது. ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) போகிற கதைகள் பல இப்படித்தான் தொடங்குகின்றன. தெர்மோ சுவிட்ச் தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், உங்கள் சுவிட்ச் அதற்கு இணையாக, கூடுதலாக நிற்க வேண்டும். இரண்டில் எது போட்டாலும் ஃபேன் ஓட வேண்டும். உங்கள் சுவிட்சால் ஃபேனை நிறுத்தவே முடியக் கூடாது.

ஒயரைத் தொடுவதற்கு முன் நோயைப் பார்த்துவிடுவோம். நின்றால் சூடு, ஓடினால் சரி என்பது நல்ல அடையாளம். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கப் போதும், அப்போது ஃபேனுக்கு வேலையே இல்லை. அம்பாசடர் மாதிரி நீளவாட்டில் எஞ்சின் உட்கார்ந்த வண்டிகளில் ஃபேன் பெல்ட்டில் சுற்றியது. எஞ்சின் ஓடினால் ஃபேனும் ஓடும், அவ்வளவுதான். 800-இல் எஞ்சின் குறுக்குவாட்டில் இருப்பதால் பெல்ட்டால் ஃபேனைச் சுற்ற வழியில்லை, அதனால்தான் மின்மோட்டார் வந்தது, அதோடு தெர்மோ சுவிட்சும் வந்தது. உங்கள் முள் பைபாஸில் எண்பதில் போகும்போதும் ஏறினால் ஃபேனை விட்டுவிடுங்கள். ரேடியேட்டர் அடைப்பு, மூடி, தண்ணீர்ப் பம்பு, தெர்மோஸ்டாட் வால்வு (எஞ்சின் சூடேறும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்து வைப்பது), கடைசியாக ஹெட் கேஸ்கெட் என்று அந்தப் பக்கம் தேட வேண்டும். எத்தனை சுவிட்ச் வைத்தாலும் அடைத்த ரேடியேட்டர் திறக்காது.

அப்புறம் கூலன்ட் மட்டம், அதாவது ரேடியேட்டர் தண்ணீரின் அளவு. இதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். தெர்மோ சுவிட்சின் மூக்கு தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் அது சூட்டை உணரும். மட்டம் இறங்கி அது ஆவியில் தொங்கிக்கொண்டிருந்தால், எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போதும் "இன்னும் சூடாகவில்லை" என்று உட்கார்ந்திருக்கும். மீட்டர் சென்சாரும் அப்படியே ஏமாற்றும். ரேடியேட்டர் மூடியின் அழுத்தத்தையும் பாருங்கள். 0.9 பார் மூடி சரியாகப் பிடித்தால் உள்ளே வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் கிழிந்த மூடி என்றால் 100-லேயே கொதிக்கும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கக் கூடாது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இதெல்லாம் சரி என்றால், ஃபேன் ஓடுகிறதா என்று பாருங்கள். தெர்மோ சுவிட்ச் ரேடியேட்டரின் தொட்டியிலோ இன்டேக் மேனிஃபோல்டின் தண்ணீர்ப் பாதையிலோ திருகப்பட்டிருக்கும். அதன் சாக்கெட்டைக் கழற்றுங்கள். இரண்டு ஒயர் வந்தால், சாவியை ஆன் செய்து அந்த இரண்டையும் ஒரு துண்டு ஒயரால் இணையுங்கள். ஒரே ஒயர்தான் என்றால் அதை எஞ்சின் பாடியில் தொடுங்கள். தொட்டதும் ஃபேனுக்குப் பதில் மீட்டர் முள் சட்டென்று ஹெச் பக்கம் ஏறினால், நீங்கள் பிடித்திருப்பது மீட்டர் சென்சாரின் ஒயர். உடனே எடுத்துவிடுங்கள். சரியான ஒயரைத் தொட்டு ஃபேன் சுற்றினால் மோட்டாரும் ஃபியூஸும் நலம், குற்றவாளி தெர்மோ சுவிட்ச். சுற்றவில்லை என்றால் மோட்டாருக்கு பேட்டரியிலிருந்து நேராகக் கொடுத்துப் பாருங்கள். அப்போதும் சுற்றாவிட்டால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும்.

தெர்மோ சுவிட்ச்தான் செத்தது என்றால் முதலில் புதியதை மாற்றுங்கள். எத்தனை டிகிரிக்கானது என்று அதன் உடம்பில் பொறித்திருப்பார்கள், அதே எண்ணைப் பார்த்து வாங்குங்கள். நம்பிக்கை இல்லையென்றால் பொருத்துவதற்கு முன் வீட்டு அடுப்பில் ஒரு பாத்திரத் தண்ணீரில் மூக்கை மட்டும் முக்கி, மல்டிமீட்டரை கன்டினியூட்டியில் (இணைப்பு சேர்ந்திருக்கிறதா என்று காட்டும் நிலை) வைத்துச் சூடேற்றிப் பார்க்கலாம். சாதாரணமாக தொண்ணூறு சொச்சம் டிகிரியில் சேரும், ஆறும்போது அதைவிட ஐந்தாறு டிகிரி கீழே விடும். வீட்டில் திட்டு வாங்காத பாத்திரமாக எடுத்துக்கொள்ளவும்.

பலருக்கு இதோடு பிரச்சினை முடிந்துவிடும். அதற்கு மேலும் சுவிட்ச் வேண்டுமென்றால் நியாயமான காரணங்கள் இருக்கின்றன: நடுவழியில் தெர்மோ சுவிட்ச் செத்தால் வீடு போய்ச் சேர ஒரு வழி, நெரிசல் தெரிந்ததும் முள் ஏறும் முன்பே ஃபேனைப் போட்டுவிடும் வசதி. சரி, ஒயரிங்குக்கு வருவோம்.

சின்னக் கார்களின் ஃபேன் மோட்டார் பெரும்பாலும் 80 முதல் 120 வாட். அதாவது ஓடும்போது 7 முதல் 10 ஆம்பியர். கிளம்பும் கணத்தில் அதைப்போல் சில மடங்கு இழுக்கும். இந்த மின்சாரத்தை டேஷ்போர்டு வரை கொண்டுபோய், கடையில் கிடைக்கும் ஃபாக் லேம்ப் சுவிட்ச் வழியாகத் திருப்பி முன்னால் கொண்டுவருவதுதான் "டைரக்ட்" வேலை. போக வர ஐந்து மீட்டர், 1 சதுர மி.மீ. ஒயர் என்று வைத்துக்கொண்டால், ஒயரிலேயே ஏறக்குறைய 0.7 வோல்ட் போய்விடும். அது பரவாயில்லை, ஃபேன் கொஞ்சம் மெதுவாகச் சுற்றும். சுவிட்சுக்குள் நடப்பதுதான் பயங்கரம். உள்ளே காண்டாக்ட் கொஞ்சம் கருகி 0.1 ஓம் தடை வந்துவிட்டால்கூட, 8 ஆம்பியரில் அங்கே 6.4 வாட் சூடு. சின்ன சால்டரிங் அயர்ன் 25 வாட். அதில் கால் பங்கை, உங்கள் முழங்காலுக்கு மேலே, ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்து வைத்த மாதிரி.

என் முதல் வண்டியில் ஒரு பட்டறையில் இப்படித்தான் போட்டுக்கொடுத்தார்கள். ஃபியூஸ்கூட இல்லை. திண்டிவனம் தாண்டும்போது பிளாஸ்டிக் தீய்ந்த வாசனை வந்தது. முன்னால் போகும் லாரியின் கிளட்ச் என்று நினைத்துக்கொண்டு இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டினேன். சுவிட்சைத் தொட்டபோது விரலோடு மேல்மூடி கையில் வந்தது. அன்றைக்குப் பிறகுதான் ரிலே என்றால் என்ன என்று உட்கார்ந்து படித்தேன்.

ரிலே என்பது மின்சாரத்தால் அழுத்தப்படும் சுவிட்ச். வண்டிக் கடைகளில் கிடைக்கும் சாதாரண 12 வோல்ட், 30 ஆம்பியர் கனசதுர ரிலே போதும். அடியில் எண்கள் இருக்கும்: 30, 87 இரண்டும் பெரிய மின்சாரம் போகும் காண்டாக்ட், 85, 86 இரண்டும் உள்ளே இருக்கும் சுருளின் முனைகள். ஐந்து கால் ரிலே என்றால் நடுவில் 87ஏ என்று ஒன்று இருக்கும், அதை வெறுமனே விட்டுவிடுங்கள். சுருள் இழுப்பது வெறும் 0.15 ஆம்பியர் அளவுதான். டேஷ்போர்டு சுவிட்ச் இந்தச் சுண்டைக்காய் மின்சாரத்தை மட்டும் தொட்டால் போதும்.

இப்போது எளிமையான பகுதி. ஃபேன் மோட்டாரின் சாக்கெட்டைக் கழற்றினால், வண்டிப் பக்கத்திலிருந்து இரண்டு ஒயர் வரும். மோட்டார் இருந்த இடத்தில் ரிலேயின் சுருளை உட்கார வைக்கப் போகிறோம், அவ்வளவுதான். பழைய ஒயரிங்குக்கு எதுவும் மாறியதாகவே தெரியாது. பல பழைய வண்டிகளில் தெர்மோ சுவிட்ச் எர்த் (பேட்டரி நெகட்டிவோடு சேர்ந்த வண்டிப் பாடி) பக்கத்தில் இருக்கும். சாவி போட்டதும் மோட்டாரின் ஒரு ஒயரில் 12 வோல்ட் வந்து நிற்கும், இன்னொரு ஒயரை தெர்மோ சுவிட்ச் எர்த் செய்யும். டெஸ்ட் லேம்பால் உறுதி செய்துகொள்ளுங்கள். 12 வோல்ட் வந்து நிற்கும் ஒயர் 86-க்கு, தெர்மோ சுவிட்சுக்குப் போகும் ஒயர் 85-க்கு. சில ரிலேக்களில் சுருளுக்குக் குறுக்கே டயோடு வைத்திருப்பார்கள். அதில் 86-க்குத்தான் பாசிட்டிவ் வர வேண்டும், மாற்றிக் கொடுத்தால் ஃபியூஸ் போகும். அதனால் பழக்கமாகவே இப்படிக் கொடுத்துவிடுவது நல்லது.

பெரிய மின்சாரத்துக்குப் புது வழி. பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 20 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ், அங்கிருந்து 2.5 சதுர மி.மீ. ஒயரில் ரிலேயின் 30-க்கு. 87-இலிருந்து அதே கனத்தில் மோட்டாரின் பாசிட்டிவுக்கு. மோட்டாரின் நெகட்டிவ் நேராக எர்த். ஃபியூஸ் ஏன் பேட்டரிக்குப் பக்கத்திலேயே என்றால், அது காப்பாற்றுவது தனக்குப் பின்னால் வரும் ஒயரை மட்டும்தான். பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவில் இருக்கும் ஒயர் உரசி பாடியில் பட்டால் கேட்பாரே இல்லை.

இனி நம் சுவிட்ச். 85-இலிருந்து இன்னொரு மெல்லிய ஒயர், 0.75 சதுர மி.மீ. போதும், டேஷ்போர்டுக்குப் போகிறது. சுவிட்சின் ஒரு காலில் அது, மறு காலில் எர்த். முடிந்தது. உள்ளே போவது ஒரே ஒரு ஒயர், அதிலும் பேட்டரியின் நேரடி பாசிட்டிவ் கிடையாது.

எர்த் பக்கம் சுவிட்ச் வைப்பதை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம், கெட்டுப்போனால் என்ன ஆகும் என்பதுதான். ஐந்து வருடம் கழித்து ஃபயர்வால் (எஞ்சினுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவில் இருக்கும் தகரச் சுவர்) ஓட்டையில் அந்த ஒயர் உரசித் தோலுரிந்து பாடியில் படுகிறது என்று வையுங்கள். என்ன நடக்கும்? ஃபேன் ஓடும். தீ இல்லை, புகை இல்லை, ஃபியூஸ்கூடப் போகாது. சுவிட்ச் உடைந்து ஒயர் அறுந்தாலோ, தெர்மோ சுவிட்ச் வழக்கம்போல் ஃபேனை ஓட்டிக்கொண்டிருக்கும். பாசிட்டிவ் பக்கம் வைத்தால் இந்த நிம்மதி கிடையாது. உங்கள் வண்டியில் தெர்மோ சுவிட்ச் பாசிட்டிவ் பக்கத்தில் இருந்து தொலைத்தால் வேறு வழியில்லை: 85-ஐ எர்த் செய்து, சாவி ஆன் செய்தால் வரும் ஒரு சப்ளையை 3 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக சுவிட்சுக்கும், அங்கிருந்து 86-க்கும் கொடுங்கள்.

தெர்மோ சுவிட்சுக்கும் இதில் லாபம் உண்டு. இதுவரை ஃபேனின் முழு மின்சாரத்தையும் சுமந்துகொண்டிருந்தது, இனி அதற்கும் 0.15 ஆம்பியர்தான். காண்டாக்ட் கருகிச் சாவது நின்றுவிடும்.

விளக்கெரியும் மூன்று கால் ராக்கர் சுவிட்ச் வாங்கினால் ஒரு சின்ன வம்பு. அது பாசிட்டிவ் பக்கம் வைப்பதற்காகச் செய்தது. பல்பு வகையாக இருந்தால் தலைகீழாகக் கொடுத்து ஏமாற்றலாம்: சப்ளை என்று போட்ட காலில் எர்த், எர்த் என்று போட்ட காலில் சாவி வழி வரும் 12 வோல்ட், லோடு என்று போட்ட காலில் நம் 85 ஒயர். இப்படிக் கொடுத்தால் தெர்மோ சுவிட்ச் ஃபேனைப் போட்டாலும் அந்த விளக்கு எரியும், எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. எல்இடி வகை என்றால் துருவம் மாறுவதால் எரியாது. அதற்குப் பதில் சாதா சுவிட்ச் வாங்கி, ஒரு எல்இடியையும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டரையும் தொடராகச் சேர்த்து, 12 வோல்ட்டுக்கும் 85 ஒயருக்கும் இடையில் தனியாகப் போடுங்கள். ஒன்று ஞாபகம் இருக்கட்டும்: விளக்கு சொல்வது "ரிலேவுக்கு உத்தரவு போயிருக்கிறது" என்பதை மட்டும்தான். ஃபேன் சுற்றுகிறது என்று அது சாட்சி சொல்லாது.

வேலை செய்யும்போது பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். வீட்டு ஒயரிங்கில் மிச்சமான ஒயரை பானெட்டுக்குள் போடாதீர்கள். அதன் தோல் இந்தச் சூட்டுக்கும் எண்ணெய்க்கும் ஆனது இல்லை, ஆட்டோ ஒயர் என்றே கேட்டு வாங்குங்கள். முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவதும் வேண்டாம், சித்திரை வெயிலில் பசை இளகி டேப் அவிழ்ந்து தொங்கும். ஒயர் முனையில் லக் என்ற உலோகக் காலைப் போட்டு, அழுத்தி கிரிம்ப் செய்து, சூடு காட்டினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் மாட்டுங்கள். ரிலேயைக் கால்கள் கீழ்நோக்கி இருக்கும்படி, தண்ணீர் தெறிக்காத உயரத்தில் மாட்டுங்கள். ஃபயர்வாலில் புதிதாகத் துளை போடுவதைவிட, ஏற்கெனவே கேபிள் போகும் ரப்பரின் ஓரமாக நுழைப்பது எளிது. மோட்டாரின் எர்த் போல்ட்டுக்குக் கீழே பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு முடுக்குங்கள். பாதி ஃபேன் கோளாறுகள் அந்த ஒரு போல்ட்டில்தான் இருக்கின்றன.

மோட்டாரின் ஒயரை மாற்றிக் கொடுத்தால் ஃபேன் எதிர்ப்பக்கம் சுற்றும், சத்தமும் அப்படியேதான் இருக்கும், கண்டுபிடிப்பது கடினம். ஃபேனைப் போட்டுவிட்டு ரேடியேட்டரின் முன்பக்கம் ஒரு தாளைக் காட்டுங்கள். தாள் ஒட்டிக்கொள்ள வேண்டும். தள்ளிவிட்டால் ஒயரை மாற்றுங்கள்.

பிறகு மல்டிமீட்டரை எடுத்து, ஃபேன் ஓடும்போதே பேட்டரி பாசிட்டிவுக்கும் மோட்டார் பாசிட்டிவுக்கும் இடையில் எத்தனை வோல்ட் என்று பாருங்கள். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் நல்ல வேலை. எர்த் பக்கம் இதேபோல் அளந்தால் 0.2-க்குள் வர வேண்டும். ஆம்பியர் அளக்கிறேன் என்று மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் துளையில் கோக்காதீர்கள், மோட்டார் கிளம்பும்போது மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். அரை மணி நேரம் ஓடவிட்டு ஃபியூஸ் ஹோல்டரையும் ஒவ்வொரு லக்கையும் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இருக்கலாம். கை வைக்க முடியாத சூடு என்றால் அந்த இணைப்பு சரியில்லை. கடைசியாக, சுவிட்சை ஆஃபில் வைத்து எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, ஃபேன் தானாக வருகிறதா என்று காத்திருந்து பாருங்கள். அது வராமல் வேலை முடிந்ததாகக் கணக்கில்லை.

சுவிட்சை எப்போதும் போட்டே வைக்கலாமா என்றும் பலர் கேட்பார்கள். தெர்மோஸ்டாட் வால்வு உள்ளே இருந்தால் எஞ்சினுக்குப் பெரிய கேடு இல்லை, பிரஷ்தான் சீக்கிரம் தேயும். இரவு மழையில் ஹெட்லைட், வைப்பர், புளோயர் எல்லாம் போட்டுக்கொண்டு ஐடிலில் நிற்கும்போது ஆல்டர்னேட்டருக்கு அது கூடுதல் பாரம். ஆனால் நம் ஊரில் வால்வைக் கழற்றி எறிந்துவிட்டு ஃபேனையும் டைரக்ட் கொடுத்த வண்டிகள் நிறைய. அந்த எஞ்சின்கள் சூடேறவே ஏறாது, பெட்ரோல் கூடக் குடிக்கும், எரியாத பெட்ரோல் ஆயிலில் இறங்கும். உங்கள் வண்டியில் வால்வு இருக்கிறதா என்று ஒருமுறை கழற்றிப் பாருங்கள். சாவியை எடுத்த பின்னும் ஃபேன் சப்ளை வந்துகொண்டிருக்கும் ரக வண்டி என்றால் இன்னும் கவனம் தேவை. 35 ஏஎச் (ஆம்பியர்-அவர்) பேட்டரி, 8 ஆம்பியர் ஃபேன், கல்யாண மண்டபத்தில் சாப்பிட்டுப் பேசிவிட்டு வருவதற்குள் செல்ஃப் எடுக்காமல் போகலாம்.

வெள்ளத்தில் ஓட்டும்போது ஃபேன் இறக்கை தண்ணீரை அடித்து உடையும், அதனால் ஃபேனை நிறுத்தவும் ஒரு சுவிட்ச் வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். உடையும் என்பது உண்மைதான். ஆனால் வருடத்தில் இரண்டு நாள் தண்ணீருக்காக மீதி நாளெல்லாம் எஞ்சினைப் பணயம் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அவ்வளவு தண்ணீர் என்றால் வண்டியை எடுக்காதீர்கள்.

தம்பியின் புது கார் வேறு ஜாதி. அதில் ஃபேனைக் கட்டுப்படுத்துவது இசியு, அதாவது எஞ்சினை நடத்தும் கணினி. ரிலேயின் சுருள் ஒயரை நாம் எர்த் செய்தால் ஃபேன் ஓடும்தான், ஆனால் அந்த ஒயரைக் கண்காணிக்கும் இசியு ஷார்ட் என்று நினைத்து செக் எஞ்சின் விளக்கைப் போடலாம். சில புது வண்டிகளில் மோட்டாருக்குள்ளேயே எலக்ட்ரானிக்ஸ் இருக்கிறது, வேகத்தைப் பல்ஸ் அனுப்பிக் கூட்டிக் குறைப்பார்கள். அதில் நேராக 12 வோல்ட் கொடுத்துப் பார்ப்பது விலை உயர்ந்த விளையாட்டு. வாரன்டி வேறு இருக்கிறது. நடுவழியில் முள் ஏறினால் ஏசியைப் போடச் சொல்லுங்கள். பல வண்டிகளில் ஏசி போட்டாலே முன்னால் ஃபேன் ஓட வேண்டும். அப்போதும் ஃபேன் வரவில்லை என்றால் ஏசியை உடனே அணைத்து, ஓரம் கட்டி, எஞ்சினை நிறுத்திவிட்டு, கூலன்ட் டெம்பரேச்சர் சென்சாரின் சாக்கெட்டைக் கழற்றிப் பார்க்கலாம். சென்சார் காணோம் என்றதும் பல இசியுக்கள் பாதுகாப்புக்காக ஃபேனைத் தொடர்ந்து ஓட்டும். விளக்கு எரியும், பெட்ரோல் கொஞ்சம் கூடப் போகும், ஆனால் பட்டறை வரை வண்டி போய்ச் சேரும்.